சிறுநீரகம் யாருக்கு, யாரிடமிருந்து?

புதுதில்லி: 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று மக்களவையில் நிதிநிலை அறிக்கையை வாசித்துக்கொண்டிருந்த அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி, இடையில் ஒரு நோயைப் பற்றிச் சில கணக்குகளைச் சொன்னார். நாட்டில் ஆண்டுதோறும் 2.2 லட்சம் பேர் சிறுநீரகச் செயலிழப்பின் இறுதிக் கட்டத்தை அடைகின்றனர். அதனால் 3.4 கோடி முறை டயாலிசிஸ் செய்ய வேண்டிய தேவை கூடுதலாக எழுகிறது. ஏறத்தாழ 4,950 மையங்கள் இருந்தும் அத்தேவையில் பாதிதான் நிறைவேறுகிறது. ஒரு முறைக்கு 2,000 ரூபாய் வீதம் ஒரு குடும்பம் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவிடுகிறது. இவற்றைச் சொல்லிவிட்டு, மாவட்ட மருத்துவமனைகளில் டயாலிசிஸ் வசதி ஏற்படுத்தும் தேசியத் திட்டத்தை அவர் அறிவித்தார்.

அந்த ஆண்டு முடிவதற்குள், டிசம்பர் 10 அன்று, அமைச்சரவையில் அவருடைய சகாவான சுஷ்மா ஸ்வராஜுக்குத் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. 2018 மே 14 அன்று அதே மருத்துவமனையில் ஜேட்லிக்கும் அதே அறுவை சிகிச்சை நடந்தது. எதிர்வரிசையிலிருந்த லாலு பிரசாத் 2022 டிசம்பரில் சிங்கப்பூரில் மகள் ரோகிணி ஆச்சார்யாவின் சிறுநீரகத்தைப் பெற்றார். தமிழக வாசகர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. 1984 இறுதியில் எம்.ஜி.ஆர். நியூயார்க் நகரின் புரூக்ளினில் அண்ணன் மகளிடமிருந்து சிறுநீரகம் பெற்று, படுக்கையில் இருந்தபடியே தேர்தலில் வென்றதைக் கண்ட மாநிலம் அது.

இவர்களுக்கு முன்னால் ஜெயப்பிரகாஷ் நாராயண் இருக்கிறார். நெருக்கடி நிலையின்போது கைதாகிச் சண்டிகரில் காவலில் இருந்த காலத்தில் அவருடைய சிறுநீரகங்கள் பழுதாயின. 1975 நவம்பரில் விடுவிக்கப்பட்டு, பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் டயாலிசிஸ் தொடங்கிய அவர், 1979 அக்டோபர் 8-ல் மறையும் வரை அந்த இயந்திரத்தைச் சார்ந்தே வாழ்ந்தார். ஜனதா ஆட்சி எழுந்ததையும் விழுந்ததையும் ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நாட்களில்தான் அவரால் பார்க்க முடிந்தது. உயிருள்ள ஒருவரின் சிறுநீரகத்தை மற்றொருவருக்கு வெற்றிகரமாகப் பொருத்தும் அறுவை சிகிச்சை இந்தியாவில் அப்போதுதான் தொடங்கியிருந்தது. 1971-ல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி அதைச் செய்து காட்டியது.

இன்று அந்தச் சிகிச்சை அரிதானதல்ல. ஆயினும் தில்லி அன்சாரி நகரில் எய்ம்ஸ் வாயிலுக்கு வெளியே, நடைபாதையிலும் சுரங்கப்பாதையிலும் மூட்டை முடிச்சுகளோடு தங்கியிருக்கும் பீகார், உத்தரப் பிரதேசக் குடும்பங்களுக்கு அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது வேறு கேள்வி. பாட்னாவின் இந்திரா காந்தி மருத்துவ அறிவியல் கழகத்திலேயே சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 2016-ல்தான் தொடங்கியது. அதுவரை பீகார் நோயாளிக்கு ரயிலேறுவதைத் தவிர வழியில்லை.

மருத்துவம் சொல்வது

சிறுநீரகங்களின் வடிகட்டும் திறன் இயல்பு அளவில் 15 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும்போது இறுதிக் கட்டம் என்கிறார்கள். நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும் முதன்மைக் காரணங்கள். ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியிலும் சத்தீஸ்கரின் சுபேபேடா கிராமத்திலும் இவை இரண்டும் இல்லாத உழைப்பாளிகளின் சிறுநீரகங்களும் கெடுகின்றன. அங்கே காரணம் இன்னும் உறுதிப்படவில்லை.

இந்த நிலையை எட்டியவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று டயாலிசிஸ். வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் ரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் சுத்திகரித்துத் திருப்பி அனுப்புவது. நல்ல சிறுநீரகம் இரவு பகலாகச் செய்யும் வேலையில் சிறு பகுதியைத்தான் இயந்திரம் செய்கிறது. குடிக்கும் நீருக்கு அளவு வைக்க வேண்டும். தில்லியின் மே மாத வெயிலில் ஒரு நாளைக்கு சில தம்ளர் நீரோடு நிறுத்திக்கொள்வது என்றால் என்ன என்பதை நோயாளியின் வீட்டார் அறிவர். பழங்கள், உப்பு எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல இதயம் பாதிக்கப்படுகிறது. கட்டுப்பாடு தளர்ந்த மையங்களில் மஞ்சள் காமாலைக் கிருமிகள் தொற்றும் அபாயமும் உண்டு.

மற்றொன்று மாற்று அறுவை சிகிச்சை. பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. புதியதை அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் வைத்து ரத்தக்குழாய்களோடும் சிறுநீர்ப்பையோடும் இணைக்கிறார்கள். தகுதியுள்ள நோயாளிகளில் டயாலிசிஸில் தொடர்பவர்களைவிட மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் நீண்ட காலமும் நல்ல முறையிலும் வாழ்கிறார்கள் என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. முடிந்தால் டயாலிசிஸ் தொடங்கும் முன்பே, தொடங்கிவிட்டால் காலந்தாழ்த்தாமல் செய்வது நல்லது என்பதும் ஏற்கப்பட்ட கருத்து. காத்திருக்கும் காலத்தில் ரத்தம் ஏற்றப்பட்டால் உடலில் எதிர்ப்புப் பொருள்கள் பெருகி, பின்னாளில் பொருத்தமான சிறுநீரகம் கிடைப்பதே கடினமாகலாம்.

ஆனால் இது நோயை முற்றாக நீக்குவதில்லை. அயலாரின் உறுப்பை உடல் விலக்கித் தள்ளாதிருக்க டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரட்னிசலோன் போன்ற மருந்துகளை அந்தச் சிறுநீரகம் இயங்கும் காலம் முழுவதும் உட்கொள்ள வேண்டும். எதிர்ப்பாற்றல் குறைவதால் தொற்றுகள் எளிதில் பற்றுகின்றன. நம் நாட்டில் காசநோய் இதில் தனிக் கவலை. உயிருள்ளவரிடம் பெற்ற சிறுநீரகம் சராசரியாக 15 முதல் 20 ஆண்டுகள் இயங்கும். இறந்தவரிடம் பெற்றது அதைவிடச் சற்றுக் குறைவாக இயங்கும். பிறகு மீண்டும் டயாலிசிஸ், அல்லது இரண்டாவது மாற்று. பணமில்லாமல் மாத்திரையை நிறுத்தியதால் நல்ல சிறுநீரகத்தை இழப்பதும் நடக்கிறது. அறுவை சிகிச்சையின் செலவைக் கேட்பவர்கள் அதற்குப் பிந்தைய மருந்துச் செலவையும் அன்றைக்கே கேட்டுவிட வேண்டும்.

கொடுப்பவர் யார்?

2023-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நடந்த சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைகள் 13,426. ஜேட்லி சொன்ன 2.2 லட்சத்தோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு ஆறு. இந்த 13,426-ல் 11,791 சிறுநீரகங்கள் உயிருடன் இருப்பவர்கள் தந்தவை. இறந்தவர்களிடமிருந்து கிடைத்தவை 1,635 மட்டுமே. ஐரோப்பாவின் பல நாடுகளில் இவ்விகிதம் தலைகீழ். ஸ்பெயினில் பத்து லட்சம் மக்களுக்குச் சுமார் 50 பேர் இறப்புக்குப் பின் உறுப்புக் கொடையளிக்கிறார்கள். இந்தியாவில் அந்த எண்ணிக்கை ஒன்றைக்கூட எட்டவில்லை.

ஆகவே, மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொன்ன மாலையே, வீட்டில் யார் தருவது என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. அந்தப் பேச்சு எப்படி முடிகிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2019 முதல் 2023 வரையிலான ஐந்தாண்டுகளில் உயிருடன் உறுப்புக் கொடையளித்த 56,509 பேரில் 36,038 பேர் பெண்கள். அதே காலத்தில் உறுப்பைப் பெற்றவர்களில் ஆண்கள் 39,447, பெண்கள் 17,041. கல்லீரலும் சேர்ந்த கணக்கு இது என்றாலும், பெரும்பகுதி சிறுநீரகம்தான். மனைவி தருகிறாள், தாய் தருகிறாள், சகோதரி தருகிறாள். அவர்களுக்கு நோய் வந்தால் வரிசை அவ்வளவு நீளமாக இருப்பதில்லை.

ஆண்களுக்கு இந்நோய் அதிகம் கண்டறியப்படுவதால் அவர்கள் அதிகம் பெறுவது இயல்பே என்று சிலர் விளக்கம் தருவதுண்டு. பெறுபவர்களின் கணக்கில் ஒரு பகுதியை அது விளக்கலாம். கொடுப்பவர்களில் மூன்றில் இருவர் ஏன் பெண்கள் என்பதை அது விளக்காது. ‘சம்பாதிக்கிறவர் படுத்துவிட்டால் குடும்பம் என்னாகும்’ என்ற ஒரு வாக்கியம் பெரும்பாலான வீடுகளில் அதை முடிவு செய்கிறது. வயலிலும் கூலி வேலையிலும் அவள் ஈட்டுவது அந்தக் கணக்கில் வருவதில்லை.

சட்டம் இதை அறியாமல் இல்லை. உறுப்பு மாற்று தொடர்பான 2014-ஆம் ஆண்டின் விதிகள், கொடையாளர் பெண்ணாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை என்றும், அவருடைய சுதந்திரமான ஒப்புதலைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் மூலம் உறுதி செய்ய வேண்டும் என்றும் கூறுகின்றன. விதி நன்று. ஆனால் கணவனும் மாமியாரும் வாயிலில் காத்திருக்க, மருத்துவமனைக் குழுவின் முன் பத்து நிமிடம் அமரும் பெண் ‘எனக்கு விருப்பமில்லை’ என்று சொல்லிவிட்டு எந்த வீட்டுக்குத் திரும்புவாள் என்பதை விதி சொல்லவில்லை.

கொடையால் தீங்கு வந்தே தீரும் என்று யாரும் கருத வேண்டியதில்லை. நன்கு பரிசோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆரோக்கியமான ஒருவர் ஒரே சிறுநீரகத்தோடு இயல்பாக வாழலாம். இப்போது சிறு துளைகள் வழியாகவே எடுக்கும் முறையும் உண்டு. ஆனால் ஆண்டுக்கொருமுறை ரத்த அழுத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கப்பட வேண்டும். தந்தவரை அதற்காக யார் அழைத்து வருகிறார்கள்? நோயாளியின் கோப்பு தடித்துக்கொண்டே போகிறது. கொடுத்தவளின் கோப்பு பெரும்பாலும் தையல் பிரித்த நாளோடு முடிந்துவிடுகிறது.

ரத்தப் பிரிவு பொருந்தாத குடும்பங்களுக்கு ஒரு வழி உண்டு. இரண்டு குடும்பங்கள் தங்கள் கொடையாளர்களைப் பரிமாறிக்கொள்வதை 2011-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் அனுமதித்தது. ஒருவருடைய மனைவியின் சிறுநீரகம் அடுத்தவருக்கு, அந்த அடுத்தவருடைய தாயின் சிறுநீரகம் இவருக்கு. பொருத்தமான ஜோடிகளைக் கண்டுபிடிக்க நாடு தழுவிய பட்டியல் இருந்தால் இது பலருக்குப் பயன்படும். பெரும்பாலும் அந்தந்த மருத்துவமனை தன் நோயாளிகளுக்குள்ளேயே தேடுகிறது.

சந்தை

குடும்பத்துக்குள் கிடைக்காதபோது பார்வை வெளியே போகிறது. சிறுநீரகம் விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கிய சட்டம் 1994-ல் நிறைவேறியது. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவி ஆகியோர் நெருங்கிய உறவினர் எனப்பட்டனர். பாட்டன் பாட்டியும் பேரப் பிள்ளைகளும் 2011-ல் சேர்க்கப்பட்டனர். இவர்களைத் தவிர வேறொருவர் ‘அன்பின் காரணமாக’த் தருவதானால் அங்கீகாரக் குழுவின் ஒப்புதல் வேண்டும். தன்னலமற்று நண்பருக்குத் தருபவர் உண்டு. அவருக்காகத் திறந்து வைத்த அந்தக் கதவின் வழியேதான் தரகர்களும் நுழைகிறார்கள். கூலித் தொழிலாளி திடீரென்று தொழிலதிபரின் ஆருயிர் நண்பராகிறார். ஒன்றாக நிற்கும் புகைப்படம் தயாராகிறது.

தலைநகருக்கு அருகில் குர்கானில் 2008 ஜனவரியில் அம்பலமான விவகாரத்தில் அந்தப் பாசாங்குகூட இல்லை. வேலை தருவதாக அழைத்து வரப்பட்ட ஏழைத் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் ஒரு வீட்டில் எடுக்கப்பட்டு வந்தன. முதன்மைக் குற்றவாளி அமித் குமார் நேபாளத்தில் பிடிபட்டார். 2013-ல் பஞ்ச்குலா சிபிஐ சிறப்பு நீதிமன்றம் ஏழாண்டு சிறைத்தண்டனை விதித்தது. 2017-ல் உத்தராகண்டில் நடந்த அதே தொழில் தொடர்பாக அவர் மீண்டும் கைதானார். 2024 ஜூலையில் வங்கதேசத்தவரை வைத்து நடந்த சிறுநீரக வணிகம் தொடர்பாகத் தில்லி காவல்துறை ஒரு மருத்துவர் உள்ளிட்டோரைக் கைது செய்தது.

வடக்கின் கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. சென்னை வில்லிவாக்கத்துக்கு ‘கிட்னிவாக்கம்’ என்று பெயர் வந்தது 1980-களில். 2025-ல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகம் விற்றது வெளிவந்து, உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க நேர்ந்தது.

விற்பனையைச் சட்டபூர்வமாக்கி ஒழுங்குபடுத்தலாமே, இருவருக்கும் நன்மைதானே என்று வாதிடுவோர் தில்லியிலும் இருக்கிறார்கள். அவர்கள் 2002-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஓர் ஆய்வைப் படிக்க வேண்டும். சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு அது. நூற்றுக்கு 96 பேர் விற்றது கடனை அடைக்க. கைக்கு வந்த தொகை சராசரியாக 1,070 டாலர். விற்ற பின் குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நான்கில் மூவர் இன்னும் கடனில்தான் இருந்தனர். 86 விழுக்காட்டினர் உடல்நலம் குன்றிவிட்டதாகச் சொன்னார்கள். பிறரும் விற்கலாம் என்று பரிந்துரைக்க 79 விழுக்காட்டினர் மறுத்தனர்.

இறந்தவரிடமிருந்து

பெண்ணின் மீதும் ஏழையின் மீதும் விழும் இந்தச் சுமையைக் குறைக்கக்கூடிய பெரிய வழி, மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்புகளைப் பெறுவது. 1994-ஆம் ஆண்டின் சட்டமே அதற்கு இடமளித்தது. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து மூளைத்தண்டு இறப்பை உறுதி செய்ய வேண்டும். சாலை விபத்துகளில் தலையில் அடிபட்டு இறப்போர் இந்நாட்டில் ஏராளம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் 2023-ல் நாடு முழுவதும் இறப்புக்குப் பின் கொடையளித்தவர்கள் 1,099 பேர் மட்டுமே. ஓராண்டில் ஆயிரத்தைத் தாண்டியதே சாதனையாகப் பேசப்பட்டது. அவர்களில் 252 பேர் தெலங்கானாவைச் சேர்ந்தவர்கள். தமிழகமும் கர்நாடகமும் தலா 178. தமிழகத்தில் 2024-ல் அந்த எண்ணிக்கை 268 ஆக உயர்ந்தது. கொடையாளரின் உடலுக்கு அரசு மரியாதை அளிக்கப்படும் என்று அம்மாநில அரசு 2023 செப்டம்பரில் அறிவித்ததற்கும் இதில் பங்கு உண்டு.

வடமாநிலங்கள் இதில் வெகு பின்னால் நிற்கின்றன. உயிருள்ளவர்களிடம் பெற்றுச் செய்யும் அறுவை சிகிச்சைகளில் முன்னிற்கும் தலைநகர் வட்டாரத்தில்கூட இறந்தோர் கொடை சொற்பம். வெளிநாட்டு நோயாளிகளுக்கு நடக்கும் உறுப்பு மாற்று சிகிச்சைகளில் பெரும்பகுதி நடப்பதும் தில்லியிலும் அதைச் சுற்றிலும்தான். அதற்கு வேண்டிய மருத்துவர்களும் கருவிகளும் கட்டடங்களும் இங்கே இருக்கின்றன. விபத்துப் பிரிவில் மூளைச்சாவை உரிய நேரத்தில் அறிந்து சான்றளிக்கும் ஏற்பாடும், துயரத்தில் இருக்கும் குடும்பத்திடம் பேசத் தெரிந்த ஒருங்கிணைப்பாளரும் அரசு மருத்துவமனைகளில் போதிய அளவில் இல்லை. சட்டத்திலும் ஒரு முடிச்சு இருக்கிறது. மூளைத்தண்டு இறப்பு உறுப்புக் கொடைக்கான சட்டத்தில் மட்டுமே வரையறுக்கப்பட்டுள்ளது. குடும்பம் கொடைக்கு மறுத்துவிட்டால் அதே உடலைச் செயற்கைச் சுவாசத்திலிருந்து விடுவிக்க மருத்துவர்கள் தயங்குகிறார்கள். அப்படியானால் இவர் இறந்துவிட்டாரா இல்லையா என்று குடும்பம் கேட்பதில் தவறென்ன?

2023 பிப்ரவரியில் மத்திய அரசு இறந்தோர் உறுப்புக்குப் பதிவு செய்ய இருந்த 65 வயது வரம்பை நீக்கியது. அந்தந்த மாநிலத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் கைவிடச் சொன்னது. பீகார் நோயாளி ஹைதராபாத்திலோ சென்னையிலோ பெயர் பதியலாம் என்பது அவருக்கு நல்ல செய்தி. ஆயின், கொடையைத் தன் முயற்சியால் வளர்த்த மாநிலங்களின் பட்டியல் நீள, வளர்க்காத மாநிலங்கள் தங்கள் நோயாளிகளைத் தெற்கே அனுப்பிவிட்டுச் சும்மா இருக்க இதுவே சாக்காகிவிடும் என்ற அஞ்சலையும் புறந்தள்ள இயலாது.

பணத்தைப் பொறுத்தவரை வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்குச் சில வாயில்கள் உண்டு. ராஷ்ட்ரிய ஆரோக்கிய நிதியிலிருந்து 15 லட்சம் ரூபாய் வரை உதவி, தேசிய உறுப்பு மாற்றுத் திட்டத்தில் பிந்தைய மருந்துகளுக்கு மாதம் 10,000 ரூபாய் வரை என்று ஏட்டில் இருக்கிறது. சான்றிதழ் பெறச் சொந்த ஊருக்கும் தில்லிக்கும் நடக்க வேண்டும். வாரம் மூன்று நாள் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டவர் எப்படி நடப்பார்? கோட்டுக்குச் சற்று மேலே இருப்பவருக்கோ அந்த வாயிலும் இல்லை.

தலைநகர் சஃப்தர்ஜங் மருத்துவமனை வளாகத்தில் இயங்கும் தேசிய உறுப்பு மற்றும் திசு மாற்று அமைப்பு, 2025 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. காத்திருப்போர் பட்டியலில் உள்ள பெண்களுக்கும், முன்பு உறுப்புக் கொடையளித்து இறந்தவர்களின் நெருங்கிய உறவினர்களுக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றது அது. இறந்தோரிடமிருந்து கிடைக்கும் உறுப்புகளுக்கு மட்டுமே இது பொருந்தும். 2023-ன் கணக்குப்படி 13,426 சிறுநீரகங்களில் 1,635. பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருப்பதால், இதைத் தத்தம் ஒதுக்கீட்டு விதிகளில் சேர்த்து நடைமுறைப்படுத்த வேண்டிய பொறுப்பு மாநில அரசுகளுடையது.